தொப்பிகள் மூன்றும் ஒரு பிழைதிருத்தமும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்பெறும் தமிழாசிரியர் வழக்கமாக மேற்கொள்ளும் வழிகள் மூன்று. கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தல் ஒன்று. மறைந்த அதிபர்களின் மாண்பினைப் போற்றுதல் மற்றொன்று. இன்றைய மாணவரிடத்துத் தமிழ் படும் பாட்டை எண்ணி வருந்துதல் மூன்றாவது. இம்மூன்றிலும் எம்மினும் வல்லார் இம்மலரிலே எழுதியிருப்பர். ஆதலின் யாம் தொப்பியைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்கும் தொப்பிக்கும் என்ன உறவு என்று வினவுவார்க்கு எமது விடை இதுவே: தொப்பியின் பொருட்டு யாம் ஒரு மாணாக்கருக்கு நான்கு புள்ளிகள் கடன்பட்டிருக்கின்றோம். அவர் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவர். இம்மலர் அவர் கைக்கும் எட்டும்.

2008ஆம் ஆண்டு அது. ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்து வந்து சில ஆண்டுகளே சென்றிருந்தன. தூய தமிழ் எழுதுவிக்க வேண்டும் என்னும் வேட்கையும், கையிலே சிவப்பு மைப்பேனாவும் எம்மிடத்துக் குறைவின்றி இருந்தன. பத்தாந் தர மாணவருக்கு ‘எங்கள் வீட்டுப் பழம்பொருள்’ என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு பணித்தோம். வந்து சேர்ந்த கொப்பிகளுட் பெரும்பாலானவை குத்துவிளக்கையும் உரலையும் செப்புக்குடத்தையும் புகழ்ந்தன. ஒருவன் மட்டும் தன் அம்மப்பாவின் தொப்பிகளைப் பற்றி எழுதியிருந்தான்.

அம்முதியவர் நில அளவைத் திணைக்களத்திலே நில அளவையாளராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். அவரிடம் மூன்று தொப்பிகள் இருந்தன என்று பையன் எழுதியிருந்தான். வன்னிக் காடுகளிலே சங்கிலி பிடித்து நிலம் அளக்கும்போது அணிவது ‘சோலா’. கொழும்புக்குப் புகைவண்டியிற் செல்லும்போது அணிவது ‘ஃபெடோறா’. துடுப்பாட்டப் போட்டிகளிலே நடுவராக நிற்கும்போது அணிவது ‘பனாமா’. இவ்வளவோடு அவன் நிற்கவில்லை. ஃபெடோறாவின் விளிம்பு இரண்டரை அங்குலம் என்றும், இரண்டு அங்குலத்திற் குறைந்தால் அது ‘ட்றில்பி’ ஆகிவிடும் என்றும், அம்மப்பா ட்றில்பியை ஒருநாளும் அணிந்தவரல்லர் என்றும் நுட்பமாக எழுதியிருந்தான்.

யாம் செய்தது யாது? சோலா, ஃபெடோறா, பனாமா, ட்றில்பி என வந்த சொற்களைப் பதினோரிடங்களில் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ‘தொப்பி’ என்று எழுதினோம். கட்டுரையின் அடியிலே ‘பிறமொழிச் சொற்களைத் தவிர்க்குக’ எனக் குறித்தோம். பதினாறு பெறத்தக்க கட்டுரைக்குப் பன்னிரண்டு வழங்கினோம்.

பையன் கொப்பியுடன் எம் மேசையருகே வந்து நின்றான். “சேர், எல்லாத்தையும் தொப்பி எண்டு வெட்டினால், எது எந்தத் தொப்பி எண்டு எப்பிடிச் சேர் தெரியும்?” என்று கேட்டான். “போய் இரும்” என்றோம். அவன் போய் இருந்தான். அதன்பின் அவன் எமக்கு எழுதித் தந்த கட்டுரைகள் யாவும் பிழையற்றவை. ஆயின் அவனுடையவை அல்ல. குத்துவிளக்கும் உரலுமே அவற்றில் வந்தன. சாதாரணதரப் பரீட்சையிலே தமிழ்ப் பாடத்திற்கு அதிவிசேட சித்தி பெற்றான். யாம் மகிழ்ந்தோம்.

2013ஆம் ஆண்டு அம்முதியவர் காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவாக வெளியிடும் கல்வெட்டை எழுதித் தருமாறு அக்குடும்பத்தார் எம்மை அழைத்தனர். வாழ்க்கைக் குறிப்பிற்குரிய செய்திகளை வினவியபோது, பையனின் தாயார் உள்ளே சென்று ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து எம் கையிலே தந்தார். விரித்துப் பார்த்தோம். எமது சிவப்பு மை எம்மையே நோக்கிற்று.

“அப்பாவின்ர தொப்பியளைப் பற்றி எழுதியிருக்கிறது இதிலை மட்டுந்தான் சேர்” என்றார் அவ்வம்மையார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்ததை இம்மலரின் வாசகர் பலரும் அறிவர். பதினாறு வயதினராய் யாமும் அம்மழையிலே நடந்தோம். அக்குடும்பத்தார் இரண்டு வயதுக் குழந்தையையும், இரண்டு பைகளையும், காணி உறுதிகளையும் எடுத்துச் சென்றனர். தொப்பிகள் அலுமாரியின் மேலே பெட்டியோடு இருந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பர். அக்குடும்பத்திற்கு அப்பழமொழி சொல்லுக்குச் சொல் பலித்தது.

அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அப்பையன் அத்தொப்பிகளை நினைவறிந்து கண்டதேயில்லை. திண்ணையிலிருந்து பாட்டனார் சொன்ன பெயர்களையும் அளவுகளையும் கேட்டே அவற்றை எழுதியிருந்தான். பொருள்கள் அழிந்தபின் எஞ்சியவை பெயர்கள் மட்டுமே. அப்பெயர்களைத்தான் யாம் வெட்டியிருந்தோம்.

தாயார் எம்மைக் கடிந்து ஒரு சொற் கூறவில்லை. “கடைசிக் காலத்திலை அப்பாவுக்குக் கண் தெரியேல்லை. இதைத்தான் வாசிக்கச் சொல்லுவார். நாங்கள் சிவப்பு மையிலை இருக்கிறதை விட்டிட்டு வாசிப்பம்” என்று மட்டும் சொன்னார்.

கல்வெட்டிலே தொப்பிகளைப் பெயர் சொல்லி எழுதியே தீருவது என்று உறுதி பூண்டோம். எழுதப் புகுந்தால், எது எந்தத் தொப்பி என்று எமக்கே தெரியாது. பத்து நாள் நூலகத்திலும் கணினியிலும் தேடினோம். அந்நாட்களில் அறிந்தவற்றுட் சிலவற்றைக் கூறுவாம்.

தொப்பிக்குப் பேருறுப்புகள் இரண்டு. தலையைக் கவிந்து நிற்கும் கூடு ஒன்று. அதன் அடியைச் சுற்றி வெளியே நீளும் விளிம்பு மற்றொன்று. விளிம்பின் அகலத்தை, கூடும் விளிம்பும் பொருந்தும் மடிப்பிலிருந்து வெளியோரம் வரை, ஒரு பக்கத்தில் மட்டும் அளப்பர். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதனை அங்குலத்தாலும், அங்குலத்தின் எட்டிலொரு கூற்றாலும் குறிப்பர். எம் முன்னோர் வாய்பாட்டிலே அரைக்கால் எனப்பட்ட கூறே அது. தலையின் அளவிலும் இவ்வரைக்கால் விளையாடுகின்றது. ஐம்பத்தேழு சதமமீற்றர் சுற்றளவுள்ள தலைக்கு இலண்டனில் ஏழு என்று அளவிட்டால், அமெரிக்காவில் ஏழே அரைக்கால் என்பர். தலை ஒன்றே; கடல் கடந்தால் அரைக்கால் வளர்ந்துவிடுகின்றது.

ஃபெடோறாவும் ட்றில்பியும் உடன்பிறந்தவை போல்வன. இரண்டும் உரோமத்தைத் திரட்டி அழுத்திச் செய்த மெத்தென்ற கம்பளித் தொப்பிகள். இரண்டின் உச்சியிலும் நீளவாட்டிலே ஒரு குழிவு உண்டு. முன்புறத்தே இருபாலும் கிள்ளிவிட்டாற்போன்ற பள்ளமும் உண்டு. வேறுபாடு விளிம்பிலேதான். ஃபெடோறாவின் விளிம்பு இரண்டேகால் முதல் மூன்று அங்குலம் வரை செல்லும். இரண்டரை என்பது நடுவளவு. ட்றில்பியின் விளிம்பு பொதுவாக இரண்டு அங்குலத்திற்கு உட்பட்டது. முன்னே தாழ்ந்து, பின்னே சட்டென மேல் மடிந்திருக்கும். எனவே எம் மாணவன் எழுதிய வரையறை தொப்பிக் கடைக்காரர் கூறும் வரையறையே. நில அளவையாளரின் பேரன் அளவிற் பிழை விடவில்லை. பிழை விட்டவர் தமிழாசிரியர்.

அரை அங்குலத்திற்கு இத்துணை ஆரவாரமா என்று சிலர் நகைக்கலாம். யாழ்ப்பாணத்தவர் நகைத்தல் தகாது. பத்துப் பேர்ச் கொண்டது ஒரு பரப்பு, பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றவர் நாம். அயலார் ஒரு கதியாலை அரை அடி தள்ளி நட்டால் நீதிமன்றம் வரை செல்வோம். வேலியின் விளிம்புக்கு வழக்காடும் நாம் தொப்பியின் விளிம்பை இகழ்தல் முறையன்று.

இனிப் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். இவை எமக்குத் தந்த இன்பம் பெரிது. நன்னூல் கூறும் ஆகுபெயர் வகைகளை ஆண்டுதோறும் கற்பித்து வந்த எமக்கு, எடுத்துக்காட்டுகள் ஒரு தொப்பிக் கடையிலே குவிந்து கிடக்கும் என்பது தெரியாது போயிற்று.

‘பௌலர்’ என்னும் உருண்டைத் தொப்பியை எடுத்துக்கொள்வோம். சார்ளி சப்ளின் திரையிலே அணிந்து உலகெங்கும் பழக்கிய தொப்பி அது. 1849ஆம் ஆண்டு இங்கிலாந்து நிலக்கிழார் குடும்பத்தவர் ஒருவர், குதிரையிற் செல்லும் தம் வேட்டைக்காவலரின் உயர்ந்த தொப்பிகளை மரக்கிளைகள் தட்டிவிடுவது கண்டு, தாழ்ந்ததும் வலியதுமான தொப்பியொன்று செய்து தருமாறு இலண்டனிலுள்ள லொக் என்பாரின் கடையிலே கேட்டார். அக்கடைக்கு அதனைச் செய்து கொடுத்தவர்கள் பௌலர் என்னுங் குடும்பப் பெயருடைய தொப்பித் தொழிலாளர். செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆயிற்று. ஆகவே இது கருத்தாவாகுபெயர். கடைக்காரரோ வாங்கியவரின் பெயராலேயே அதனை வழங்கினர். அமெரிக்கர் ‘டேர்பி’ என்றனர். ஒரு தொப்பிக்கு மூன்று பெயர்.

‘ஹொம்பேர்க்’ என்பது ஜேர்மனி நாட்டு ஊரொன்றின் பெயர். பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னரான இளவரசர் 1880களிலே அவ்வூருக்குச் சென்று, ஆங்குக் கண்ட தொப்பியை விரும்பிக் கொணர்ந்தார். அதன் விளிம்பு சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரத்திலே நாடா வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். 1953ஆம் ஆண்டு ஐசன்ஹோவர் அமெரிக்க சனாதிபதியாகப் பதவியேற்றபோது, வழக்கமான உயர்ந்த பட்டுத் தொப்பியை விடுத்து இதனையே அணிந்தார். இஃது இடவாகுபெயர்.

பணியாரம் போன்று தட்டையான உச்சியுடைய தொப்பியொன்றை, ஆங்கிலேயர் தாம் உண்ணும் ஓர் இறைச்சிப் பண்டத்தின் பெயரால் அழைப்பர். இஃது உவமையாகுபெயர். சைவக் கல்லூரியின் மலராதலின் அப்பண்டத்தை விரித்துரைக்காது விடுகின்றோம்.

1960களிலே விளிம்புகள் குறுகிக்கொண்டே சென்றன. ஒன்றரை அங்குலமும் அதனிற் குறைந்ததுமான விளிம்புடைய தொப்பியை அமெரிக்கர் ‘ஸ்ரிஞ்சி பிறிம்’ என்றனர். உலோபி விளிம்பு என்பது அதன் பொருள். கம்பளியைச் சிக்கனம் பிடித்தவனின் குணம் விளிம்பின்மேல் ஏற்றப்பட்டது போலும். ‘இரண்டரையைக் காட்டும்’ என்று கடையிலே ஒருவர் கேட்பாராயின், அது நீட்டலளவையாகுபெயர் என்பதனை எம் மாணவர் சொல்லாமலே அறிவர்.

ஃபெடோறா என்பதும் ட்றில்பி என்பதும் பெண்களின் பெயர்கள். விக்ரோறியன் சார்டூ என்னும் பிரெஞ்சு நாடகாசிரியர் 1882இல் அரங்கேற்றிய நாடகத்தின் தலைவி ஃபெடோறா. அப்பாத்திரத்தை ஏற்ற சேரா பேர்ன்ஹார்ட் என்னும் நடிகையார் மேடையிலே அணிந்த தொப்பியிலிருந்து அப்பெயர் பரவிற்று. முதலில் அதனை விரும்பி அணிந்தோர் மகளிரே. 1920களிலேதான் அப்பெயர் ஆடவர் தொப்பிக்கு உரியதாய் நிலைத்தது. ட்றில்பி என்பவள் ஜோர்ஜ் டு மோறியே 1894இல் வெளியிட்ட நாவலின் தலைவி. அந்நாவல் மறு ஆண்டு இலண்டன் மேடையில் நாடகமாயிற்று. அதில் அணியப்பட்ட தொப்பிக்கு அவள் பெயர் வாய்த்தது. கதைமாந்தர் பெயர் தொப்பிக்கு ஆவது எவ்வகை ஆகுபெயர் என்று உயர்தர வகுப்பிலே ஒருமுறை வினவினோம். ஒரு பாடவேளை முழுதும் வாதம் நடந்தது, முடிவு காணப்படவில்லை. ஆகுபெயர்ப் பாடத்திலே மாணவர் மணியோசையைக் கேளாதிருந்தது எம் பணிக்காலத்தில் அன்றொரு நாளே.

சோலாவின் கதை வேறு. சதுப்பு நிலங்களிலே வளரும் நெட்டிச் செடியின் உட்சோற்றைக் கொண்டு அது செய்யப்படும். தஞ்சாவூரிலே கோயிற் கோபுரங்களையும் மாலைகளையும் செய்கின்றார்களே, அந்நெட்டியேதான். அச்செடிக்கு வடபுலத்தார் வழங்கிய பெயர் சோலா. ஆங்கிலேயருட் பலர் அதனைச் சூரியனைக் குறிக்கும் தம்மொழிச் சொல்லாகிய ‘சோலர்’ என்றே பிழைபடக் கொண்டனர். வெயிலுக்கு அணியும் தொப்பிக்கு வெயிலோன் பெயர் பொருந்தும் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. உள்ளபடி அது வெயிலின் பெயரன்று, செடியின் பெயர்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், எமது சிவப்பு மையின் நியாயத்தை மீண்டும் ஆராய்ந்தோம். பிறமொழிச் சொல் என்று ஃபெடோறாவை வெட்டி யாம் எழுதிய ‘தொப்பி’ எங்கிருந்து வந்தது? வடபுலத்து ‘டோப்பி’ அன்றோ அது? கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. அவற்றுக்கு யாம் ஒருநாளும் புள்ளி குறைத்ததில்லை. பழகிய பிறமொழிச் சொல்லை எழுதி, பழகாத பிறமொழிச் சொல்லை வெட்டிவிட்டு, தமிழைக் காத்ததாகத் தருக்கியிருந்தோம். பிற நிலத்துச் சொற்களுக்கும் திசைச்சொல் என இடம் வகுத்தவர் நம் இலக்கண ஆசிரியர். அவ்விடத்தை மறந்தவர் யாமே. கலாசாலையிற் கற்றது பிழையன்று. அதனை யாம் கையாண்ட விதமே பிழை.

இன்னுமொன்று. பனையோலையால் இழைத்தவற்றை நம் ஆச்சிமார் எத்தனை பெயரால் வழங்கினர்! நாரினாற் பொத்தி வலிவு செய்தது கடகம். பிட்டு அவிப்பது நீற்றுப்பெட்டி. பனங்கட்டி வார்ப்பது குட்டான். மீன் வாங்கச் செல்வது உமல். காசும் வெற்றிலையும் வைப்பது கொட்டைப்பெட்டி. புடைப்பது சுளகு. வேற்று நாட்டார் ஒருவர் இவையனைத்தையும் வெட்டி ‘கூடை’ என்று மேலே எழுதினால் நாம் பொறுப்போமா? எம் ஆச்சியின் அடுக்களையை அழித்தார் என்று கொதித்தெழ மாட்டோமா? அம்மாணவனின் அம்மப்பாவுக்கு யாம் செய்தது அதுவே.

கல்வெட்டு எழுதி முடிந்தது. சோலாவும் ஃபெடோறாவும் பனாமாவும், இரண்டரை அங்குலமும், முன்பு வெட்டிய பதினோரிடச் சொற்களும் அதில் இடம்பெற்றன. அச்சுப்படியைச் சரிபார்க்கும் பொறுப்பு, அப்போது பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருந்த அம்மாணவருக்கு அளிக்கப்பட்டது. மறுநாள் படி எம்மிடம் திரும்பி வந்தது. ஓரிடத்தில் மட்டும் திருத்தம் இருந்தது. ‘பனாமா நாட்டிலே செய்யப்பட்ட தொப்பி’ என்று யாம் எழுதியிருந்த வரியின்கீழ் கோடிட்டு, ஓரத்திலே ‘ஈக்குவடோர்’ என்று எழுதியிருந்தார்.

உடனே தேடிப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. பனாமாத் தொப்பி தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டிலே, தொக்கில்லா என்னும் ஓலையின் மெல்லிழைகளைக் கொண்டு கையால் முடையப்படுவது. பனாமாத் துறைவழியாக விற்பனைக்குச் சென்றமையால், விற்ற இடத்தின் பெயரையே உலகம் அதற்குச் சூட்டிவிட்டது. 1906இல் அமெரிக்க சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் பனாமாக் கால்வாய் வேலைகளைப் பார்வையிடச் சென்று, அத்தொப்பியுடன் நிழற்படம் எடுத்துக்கொண்டதும் அப்பெயரை நிலைபெறச் செய்தது. அம்முடைதற்கலையை 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானிடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டபோது, அது ஈக்குவடோரின் கலையாகவே பதிவாயிற்று. இடம் தவறிய இடவாகுபெயர் இது. எமக்கு முன்னரே அம்மாணவர் அதனை அறிந்திருந்தார்.

அத்திருத்தம் சிவப்பு மையால் எழுதப்பட்டதன்று. பென்சிலால், அழிக்கத் தக்கதாக, மெல்ல எழுதப்பட்டிருந்தது. எம் வரியை அவர் வெட்டவில்லை. கோடிட்டு மட்டுமே வைத்திருந்தார். திருத்துதல் என்னும் தொழிலை எமக்குக் கற்பித்தவர் பலர். அவருள் இறுதியாகக் கற்பித்தவர் அவரே.

இப்பொழுது எமது பேனாப் பெட்டியிலே பென்சிலும் உண்டு. அறியாத சொல்லொன்று கட்டுரையில் வந்தால் வெட்டுமுன் மாணவனை அழைத்து, “இது என்ன, எப்படியிருக்கும், யாரிடமிருந்தது?” என்று கேட்கின்றோம். தமிழிலே தகுந்த சொல் இருப்பின் எடுத்துக் காட்டுகின்றோம். இல்லையெனின் அச்சொல்லைத் தமிழெழுத்திலே செவ்விதாக எழுதக் கற்பிக்கின்றோம். இதனால் எம் மாணவர் சிலருக்குத் தூய தமிழ் குறைந்தது என்று எவரேனும் முறையிடலாம். வீட்டுச் செய்திகள் கூடின என்று யாம் விடையிறுப்போம்.

பழைய மாணவ அன்பர்களே, உங்களுள் நூற்றுக்கணக்கானோர் வீடுகளிலும், அலுமாரியின் மேலே இருந்து இன்று இல்லாத பொருள்கள் உண்டு. அவற்றின் பெயரும் அளவும் உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுதி வையுங்கள். எந்த ஆசிரியர் வெட்டினாலும் எழுதி வையுங்கள்.

முடிவாக, விழா மலர்களின் இறுதிப் பக்கத்திலே பிழைதிருத்தம் வெளியிடுவது மரபு. அம்மரபைப் பின்பற்றி யாமும் ஒன்று வெளியிடுகின்றோம். 2008ஆம் ஆண்டு பத்தாந் தரத்தில் ‘எங்கள் வீட்டுப் பழம்பொருள்’ என்னுங் கட்டுரைக்கு 20க்கு 12 எனப் பதியப்பட்ட புள்ளியை 16 எனத் திருத்தி வாசிக்குக. சிவப்பு மையிலுள்ளவற்றை விட்டு வாசிக்குக.